செதிலில் ஆறு, செட்டையில் பதினேழு

நூற்றுப் பன்னிரண்டாவது மீனுக்கு வயது பதினேழு. நுணுக்குக்காட்டியில் இருந்து கண்ணை எடுத்துக் கசக்கிவிட்டு மறுபடியும் நடுவில் இருந்து எண்ணினேன். பதினேழேதான். அகலமான மங்கல் பட்டை ஒரு கோடை, ஒடுங்கிய தெளிந்த கோடு ஒரு பனிக்காலம். மீனின் துடுப்பான செட்டையில் இருந்து எடுத்த ஒரு முள்ளின் குறுக்கு வெட்டில் அப்படிப் பதினேழு பனிக்காலங்கள் வரிசையாக இருந்தன. அதே மீனின் செதிலைப் பார்த்து அதற்கு ஆறு வயது என்று தை மாதம் எழுதி வைத்தவளும் நான்தான். பதினொரு வருசத்தை ஒரு செதில் விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் செதிலைத் திட்டினேன். பக்கத்து மேசையில் இருந்த இசபெல், தமிழில் திட்டினாலும் திட்டுத் திட்டுத்தான் என்பதைப் புரிந்துகொண்டு சிரித்தாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனி மாதம் அது. லூயிஷாமில் ரயில் பாதைக்குக் கீழே, செங்கல் வளைவுகளை அடைத்துக் கட்டிய அறைகளில் ஒன்றுதான் எங்கள் ஆய்வுகூடம். மேலே ரயில் போகும்போதெல்லாம் நுணுக்குக்காட்டிக்குள் மீனின் வயது நடுங்கும். அது நின்ற பிறகுதான் எண்ண வேண்டும். பிளேஸ்டோவில் இருந்து மொனுமென்ட் வரை ஒரு ரயில், பாலத்தை நடந்து கடந்து லண்டன் பிரிட்ஜில் இன்னொரு ரயில் என்று தினமும் அங்கே போய் வந்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவள் நான். லண்டனுக்கு வந்து நான்கு வருசம் ஒரு சான்ட்விச் கொம்பனியில் பாணுக்கு நடுவில் வெள்ளரிக்காய் அடுக்கினேன். அந்த வேலையில் இருந்து என்னைத் தூக்கிவிட்டவர் டொக்டர் சுந்தரராஜன். லூயிஷாம் சிவன் கோவிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற மனிதர் திரும்பி, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மலேசியாவில் இருந்து படிக்க வந்து, இங்கேயே தங்கி, சொந்தமாக ஆய்வுகூடம் நடத்துபவர். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர், விசா கிடைத்துவிட்டதா என்று கேட்டவர்கள் நூறு பேர் இருப்பார்கள். இந்த நாட்டில் என்னை என்ன படித்தாய் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

எங்கள் வேலை, மற்றவர்கள் அனுப்பும் மீன்களுக்கு வயது சொல்வது. அந்த முறை வந்தவை கனடாவின் வடக்கே ஒரு ஏரியில் முந்தின வருசம் பிடித்த இருநூற்றுப் பதினான்கு மீன்கள். முழு மீன்கள் இல்லை. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கடதாசி உறை, அதற்குள் ஒரு சிட்டிகை செதில், காய்ந்த மார்புச் செட்டை இரண்டு, உறைக்கு மேலே பென்சிலில் எழுதிய நீளமும் நிறையும். ஏரிக் கரையில் ஒரு பெரிய கடதாசி ஆலை இருக்கிறது. ஆலையின் தலைமைக் கந்தோர் லண்டனில் இருந்ததால் மீன்கள் இத்தனை கடலைத் தாண்டி எங்கள் ரயில் வளைவுக்கு வந்தன. ஆலையைப் பெருப்பிக்க வேண்டும், அதற்கு ஏரியில் மீன்கள் சுகமாக இருக்கின்றன என்று ஒரு அறிக்கை வேண்டும். விசயம் அவ்வளவுதான்.

அந்த மீனை ஆங்கிலத்தில் சக்கர் என்பார்கள். நான் உறிஞ்சி என்று கூப்பிட்டேன். படத்தைப் பார்த்தால் அழகென்று சொல்ல மாட்டீர்கள். வாய் முகத்துக்குக் கீழே இருக்கும். தடித்த, சொரசொரப்பான உதடு. தாடையில் ஒரு பல்லும் கிடையாது. ஏரியின் அடியில் உதட்டை வைத்து மண்ணோடு சேர்த்து உறிஞ்சி, பூச்சியையும் நத்தையையும் தொண்டைக்குள் இருக்கும் சீப்புப் பல்லால் வடித்து எடுத்துக்கொண்டு மண்ணைத் துப்பிவிடும். இதற்காக அந்தப் பக்கத்து ஆட்கள் அதைக் குப்பை மீன் என்கிறார்கள். தூண்டிலில் வந்தால் கரையில் எறிந்து காயவிட்டுப் போவார்களாம். பெரிய மனிதர்கள் தின்னும் மீன்களின் முட்டையை இது தின்று அழிக்கிறது என்று ஒரு வீண்பழி வேறு. பழைய புத்தகங்களில் கூட அப்படி எழுதி வைத்திருந்தார்கள். வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடியில் கிடப்பதைப் பொறுக்கித் தின்று யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாழ்கிற ஒரு சீவனுக்கு எதற்கு இந்தப் பெயர்?

மதிய இடைவேளையில் லூயிஷாம் நூலகத்தில் இருந்து புத்தகம் எடுப்பித்துப் படித்தேன். முட்டையில் இருந்து வந்த குஞ்சுக்கு வாய் கீழே இருக்காது. மற்ற மீன்களைப் போல முகத்துக்கு நேரேதான் இருக்கும். மேல் தண்ணீரில் மிதக்கிற பொடிகளைத் தின்னும். விரல்நகம் அளவு வளர்ந்த பிறகுதான் வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பனி உருகி ஆற்றுத் தண்ணீர் லேசாகச் சூடு பிடித்ததும் பெரியவை ஏரியை விட்டு ஆற்றில் ஏறும், அநேகமாக வருசா வருசம் அதே ஆற்றுக்கு. ஆழமில்லாத கூழாங்கல் பரலில் ஒரு பெண் நிற்க, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆண் ஒட்டி நின்று, மூன்றும் சேர்ந்து சில விநாடிகள் நடுங்கும். அவ்வளவுதான் கலியாணம். கூடு இல்லை, காவல் இல்லை. முட்டைகள் பரலில் ஒட்டிக்கொள்ள, பெரியவை தங்கள் பாட்டில் ஏரிக்குத் திரும்பிவிடும். இருபதினாயிரம், முப்பதினாயிரம் முட்டை இட்டாலும் தப்புவது எத்தனையோ. ஒரு வருசம் தப்பவில்லை என்றால் அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீண்ட காலம் உயிரோடு இருப்பதுதான் அந்த மீன் கண்டுபிடித்த வழி. அதனால்தான் அதன் வயதைச் சரியாகச் சொல்வது முக்கியம்.

ஒப்பந்தத்தில் செதிலைப் பார்த்து வயது சொல்லும்படி இருந்தது. சொன்னேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று அழகாகப் பரவி இருந்தது. இளசும் முதிர்ந்ததும் கலந்த நல்ல கூட்டம். ஆனால் செதிலின் ஓரங்களைப் பார்க்கப் பார்க்க மனம் ஒப்பவில்லை. ஓரத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடந்தன, எண்ண முடியாதபடி. மீன் வளர்ந்து முடிந்துவிட்டால் செதிலும் வளராது; அதற்குப் பிறகு வருகிற பனிக்காலங்கள் அதில் பதியாது. எலும்பில் அப்படி இல்லை. செட்டை முள்ளைப் பசையில் பதித்து, நகைக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு மெல்லிய வாளால் அரிந்து, தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தால் உண்மை வயது தெரியும். டொக்டரிடம் கேட்டேன். "செய்ங்க, நல்ல விஷயம்தானே" என்று அவரே வாளுக்குப் புது அலகு வாங்கித் தந்தார். இடது செட்டைகளை மட்டும் எடுத்தேன். வலது செட்டைகள் உறைகளிலேயே இருந்தன.

ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், அரிந்தேன். நான் வாசித்ததை நான் சொல்லாமல் இசபெலும் வாசிப்பாள். அப்படி இருவர் தனித்தனியே வாசிப்பதுதான் இந்த வேலையில் முறை. எங்கள் எண்கள் ஒரு வருசத்துக்கு மேல் விலகவில்லை. பதின்மூன்று, பதினாறு, பன்னிரண்டு, பத்தொன்பது. இருநூற்றுப் பதினான்கு மீனில் பதினொரு வயதுக்குக் குறைந்தது ஒன்று கூட இல்லை. கடதாசிக் கூழை வெளுத்துக் கழிவை ஆற்றுவாயில் விடுகிற ஆலையின் புதிய பகுதி எண்பத்தைந்தில் தொடங்கியது என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. விளங்குகிறதா? எண்பத்தைந்துக்குப் பிறகு பிறந்த ஒரு மீன் கூட அந்த வலையில் இல்லை. அறிக்கை சுகமான கூட்டம் என்று சொல்லப் போவது ஒரு முதியோர் இல்லத்தை.

மீன் பிடித்து அனுப்பியவர் அந்த ஏரிக்கரையில் வலை போடுகிற வால்டர் என்ற ஒருவர். பெட்டியின் மேல் அவருடைய பெயரும் விலாசமும் இருந்தன. அவருக்குத் தந்த வேலை நீளத்தையும் நிறையையும் எழுதுவது மட்டுமே. ஆனால் நூற்றுப் பன்னிரண்டாம் உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். 'இந்த வருசமும் சின்னது ஒன்றும் இல்லை. சின்னக் கண் வலையும் போட்டுப் பார்த்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?' யாரைப் பார்த்துக் கேட்டாரோ. உறையைத் திருப்பிப் பார்க்கிற ஒருவரை நினைத்துத்தான் கேட்டிருப்பார். எனக்குத் தெரியும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் எண்கள் இருந்தன.

"உட்காருங்க நீலவேணி. நல்ல வேலை. நெஜமாவே சொல்றேன், இங்க இப்படி யாரும் வெட்டினதில்ல. ஆனா ரிப்போர்ட்ல இது வராது."

"ஏன் டொக்டர்?"

"காண்ட்ராக்ட்ல செதில்னுதான் இருக்கு. முள்ளை வெட்டினது உங்க ஆர்வம். ஆலையைப் பெருசாக்கலாமான்னு இந்த மாசக் கடைசில அந்த ஊர்ல விசாரணை. ஆலைக்காரங்களுக்குத் திங்கட்கிழமை பேப்பர் வேணும்."

"செதில் பிழை எண்டு உங்களுக்கும் தெரியும்தானே."

"பொய் எழுதச் சொல்லலையே நான். செதில்ல ஆறு வளையம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்போ ஆறுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுறதுல என்ன பொய் வந்திடுச்சு?"

எனக்கு வாயில் வந்ததைச் சொல்வதற்கு முன்னால் அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். குரோய்டனில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்குக் கொண்டுபோக நான் கேட்டிருந்த கடிதம். ஏழு வருசம் தற்காலிகமாக இருந்த எங்கள் விசாவை நிரந்தரமாக்கக் கேட்டு வியாழக்கிழமை நேர்முகம் இருந்தது. நான் நிரந்தர ஊழியர் என்றும், என் வேலை தனக்கு இன்றியமையாதது என்றும் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். "முதல்ல இதைப் பிடிங்க. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நாளைக்கு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். மிரட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! கடிதத்தைக் காட்டி, கையெழுத்துப் போட்டால்தான் தருவேன் என்று சொல்லியிருந்தால் மனம் நிறையத் திட்டியிருப்பேன். அந்த மனிதர் கடிதத்தைக் கையில் தந்துவிட்டு, நல்லவராக எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பாலத்தைக் கடக்கும்போதுதான் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது, அந்த நன்றியைச் சொன்ன என் வாயின் மேல்.

என் கணவர் ரவிச்சந்திரனுக்குப் பெற்றோல் நிலையத்தில் பின்னேர ஷிப்ட் வேலை. போவதற்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்து, கறி படாத தூரத்தில் வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"கையெழுத்துப் போட்டிட்டு வந்திட்டீர்தானே?"

"இல்லை. போடேலாது."

"விசர்க் கதை கதையாதையும். வியாழக்கிழமை குரோய்டன். இப்ப போய் ஒரு மீனுக்காகச் சண்டை பிடிக்கப் போறீரே?"

"ஒரு மீனில்லையப்பா. இருநூற்றுப் பதினாலு. பிறகு அந்த ஆற்றுத் தண்ணி."

"உம்மட பாஸ்போட்டில என்ன வயசு கிடக்கு? சொல்லும் பாப்பம்."

அவர் அதைக் கையில் எடுப்பார் என்று எனக்குத் தெரியும். பாஸ்போட்டில் எனக்கு முப்பத்தொன்பது. உண்மையில் நாற்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் செய்ததைத்தான் அப்பா எனக்கும் செய்தார். அரசாங்க வேலைக்கு வயது எல்லை இருக்கிறதே, பிள்ளைக்கு இரண்டு வருசம் கைவசம் இருக்கட்டும் என்று பதிவை இழுத்துப் போட்டார். சாதகத்தில் ஒரு வயது, சான்றிதழில் ஒரு வயது. இரண்டும் உண்மை மாதிரியே எங்களோடு வளர்ந்தன. அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

"ரெண்டு வருசம் களவெடுத்து வச்சிருக்கிற ஆள் நீர். மீனுக்கு மட்டும் சரியான வயசு வேணுமோ?" என்றார்.

"என்ர வயசைக் குறைச்சதால ஒரு ஆறு செத்துப்போகேல்லை" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அப்பா குறைச்சது என்ர சொந்த வயசை. இது ஆரோ வேற ஆக்களின்ர தண்ணி. அந்தத் தண்ணியக் குடிக்கிற சனத்துக்கு எல்லாம் நல்லாயிருக்கு எண்டு என்ர கையால எழுதச் சொல்லினம்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, கோட்டைப் போடாமல் கதவருகே நின்றார். "அம்மா கிளிநொச்சியில ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில படுத்துக் கிடக்கிறா. ஐப்பசியில ஆமி வர யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது. இன்னும் அங்கதான்" என்றார். "எனக்கு நிரந்தரம் கிடைச்சால் கொழும்புக்குப் போய் அவவைக் கூட்டிக்கொண்டு வர ஏலும். இல்லாட்டி ஏலாது. எனக்கு வேற ஒண்டும் தெரியாது, நீலா." அவர் என்னை நீலா என்று கூப்பிட்டு எத்தனையோ மாதம். அவர் போன பிறகு கடிதத்தை எடுத்து அலுமாரியில், மாமியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

புதன்கிழமை டொக்டரிடம் போய் நின்றபடியே சொன்னேன். "வளையம் ஆறு எண்டு எழுதுறன். வயசு ஆறு எண்டு எழுதமாட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. "சரி" என்றார். "அப்போ நீங்க போட வேணாம். இசபெல் போடுவாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் போட்டாப் போதும்."

நான் இரவெல்லாம் புரண்டு புரண்டு எடுத்த முடிவுக்கு அவ்வளவுதான் பெறுமதி. நான் மறுத்தால் ஏதோ நின்றுபோகும் என்று நினைத்தேனே, என் மடத்தனம்! என்னால் ஒன்றும் நிற்காது. என் கை இல்லாவிட்டால் அடுத்த கை. இசபெல் அன்றைக்கு மதியம் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் போர்ச்சுகலில் வயதான தகப்பன், இங்கே வாடகை. என்னைப் பார்க்காமல் தன் தோடம்பழத்தை உரித்தபடி, "நீ சரி, எனக்குத் தெரியும்" என்றாள் ஆங்கிலத்தில். சரி என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் சேர்ந்து பிழையை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வெளிக்கிடும்போது டொக்டர் கதவில் தலையை நீட்டினார். "அந்த மிச்சக் கவர் எல்லாம் இனி வேணாம், நீலவேணி. வெள்ளிக்கிழமைக்குள்ள தூக்கிப் போட்டுடுங்க, இடம் வேணும்." மிச்சக் கவர் என்றால் வலது செட்டைகள். இருநூற்றுப் பதினான்கு. குப்பைத் தொட்டியைத் திறந்தேன். பிறகு மூடினேன். மரக்கறி வாங்குகிற பை இரண்டு கைப்பையில் எப்போதும் இருக்கும். உறைகளை நம்பர் குழம்பாமல் அடுக்கி, தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். தூக்கிப் போடச் சொன்னார், தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை குரோய்டனில் அந்த உயரக் கட்டடத்தைச் சுற்றி வரிசை. ஏழு மணிக்கே போயும் எங்களுக்கு முன்னால் இருநூறு பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் டொக்டரின் கடிதத்தை மெல்ல வாசித்து, முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நல்ல கடிதம் என்றாள். உங்களுக்கு வேலை கொடுப்பவரைத் தொடர்புகொண்டு நீங்கள் அங்கே வேலையில் இருப்பதை உறுதிப்படுத்துவோம், முடிவு எட்டுக் கிழமையில் தபாலில் வரும் என்றாள். ரவி எனக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விட்டது கேட்டது.

திரும்பி வரும் ரயிலில் அவருக்கு எல்லாம் சொன்னேன். உறைகள் வீட்டில் இருப்பதையும், அதை வால்டருக்கு அனுப்பப் போவதையும்.

"எட்டுக் கிழமை பொறும்" என்றார். "கடிதம் வரட்டும். பிறகு நீர் கனடா முழுக்க அனுப்பும்."

"விசாரணை மாசக் கடைசியில. பிறகு அனுப்பி என்ன, மீனுக்குத் திவசம் செய்யவோ?"

"அனுப்பினால் டொக்டருக்குத் தெரிய வரும். தெரிஞ்சால் உம்மை வேலையில வச்சிருப்பாரோ? குரோய்டன்காரர் போன் பண்ணேக்க என்ன சொல்லுவார்?"

"தெரியாது" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பின்னேரம் சமையல் மேசையில் உட்கார்ந்து வால்டருக்கு எழுதினேன். ஆங்கிலத்தில், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதுவது போல ஒவ்வொரு படியாக. செட்டையின் முதல் முள்ளை எடுங்கள். அடிக்குக் கிட்ட, இவ்வளவு தடிப்பில் அரியுங்கள். உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள். வெளிச்சத்துக்கு முன்னால் பிடியுங்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கிற சாதாரண நுணுக்குக்காட்டியே போதும். ஒவ்வொரு உறையிலும் நான் எண்ணியதை மூலையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அதை நம்ப வேண்டாம். உங்கள் ஊரில் நாலு பேரை உட்கார வைத்து நீங்களே எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு என் எண்ணைப் பாருங்கள். நூற்றுப் பன்னிரண்டாம் உறையின் பின்னால் நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: எண்பத்தைந்துக்குப் பிறகு குஞ்சு தப்பவில்லை. இதை யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். கீழே பெயரை முழுதாக எழுதினேன். உயிருள்ள மீனை யாரும் குப்பை என்று சொன்னால் அதை ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வரி எழுதி, அது விஞ்ஞானம் இல்லை என்று வெட்டி, பிறகு ஆத்திரத்தில் மறுபடியும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, ரவிக்கு அன்று மட்டும் காலை ஷிப்ட்; அவர் காரை எடுத்தார். வேலைக்குப் போகிற வழியில் என்னை மார்க்கட்டில் இறக்கிவிடுவதாகத்தான் பேச்சு. மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டி, தபால் கந்தோருக்கு முன்னால் தானாகவே நிறுத்தினார். எஞ்சினை நிற்பாட்டவில்லை. "நான் ஒண்டும் காணேல்லை" என்றார், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. கெதியா முடிச்சிட்டு வாரும்."

அரசாங்கத்தின் பெனிபிட் காசு எடுக்க வந்தவர்களின் வரிசை மெல்ல நகர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதர் பெட்டியைத் தராசில் வைத்து, காதுக்குப் பக்கத்தில் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். உள்ளே காய்ந்த செட்டைகள் சரசரத்தன.

"இதற்குள் என்ன?"

"மீன் செட்டை."

"கெட்டுப்போகக் கூடியதா?"

"இல்லை. நன்றாகக் காய்ந்தவை."

பச்சைச் சுங்கச் சீட்டு ஒன்றைத் தள்ளினார். என்ன பொருள், எத்தனை, யார் அனுப்புவது, கையொப்பம். எழுதினேன். மீன் செட்டை, இருநூற்றுப் பதினான்கு. பெயர், பிளேஸ்டோ விலாசம். கையொப்பத்துக்கு வந்தபோது எழுத்து வழக்கத்தை விடப் பெரிதாக விழுந்து கட்டத்துக்கு வெளியே போனது. அவர் சீட்டை நாக்கால் நனைத்து ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பெட்டியைப் பின்னால் இருந்த சாம்பல் நிறச் சாக்கில் போட்டார். அது மற்றப் பொதிகளின் மேல் உருண்டு, அடியில் போய் விழுந்தது. இனி எடுக்க முடியாது. அடுத்தவர் என்று கூப்பிட்டார்.

வெளியே ரவி ஹோர்ன் அடித்தார். ஒரு தரம், பிறகு நீளமாக இன்னொரு தரம். திரும்பி வேகமாக நடந்தேன். மூன்றாவது அடியில் என் கை பின்னால் இழுபட்டது. கையொப்பம் போட்ட தபால் கந்தோர்ப் பேனையை இன்னும் விடாமல் பிடித்திருந்தேன். மேசையோடு சேர்த்துக் கட்டிய மெல்லிய சங்கிலி வரிசையில் நின்றவர்களுக்குக் குறுக்கே விறைத்து நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விரல்கள் விடுவதாக இல்லை.